பின்னால் போகும் சைக்கிளுக்கு அனுமதி உண்டு

மலை உச்சியில் ஆஸ்பத்திரி கட்டலாம் என்று முடிவு செய்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு வருகிறவனுக்கு மேடென்ன, பள்ளமென்ன? நல்ல காற்று வேறு. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுக்கும் ஒருத்திக்கும் முழங்கால் என்று இரண்டு இருக்கும், அவை இரண்டும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே வருஷத்தில் மக்கர் பண்ணும் என்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எதிர்பார்க்க அது நிர்வாகமா, மாமியாரா?

அந்த ஒருத்தியைத் தெருவில் மெஷின் அக்கா என்பார்கள். தெரு கண் விழிப்பதற்கு முன்பே அவள் வீட்டில் தையல் மெஷின் கடகடக்க ஆரம்பித்துவிடும். விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி என்று வாரம் முழுக்கத் தைத்து, திங்கட்கிழமை மதியத்துக்குள் மலைமேல் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கண்டிப்பானவள்.

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா," என்று அவள் போன வாரம் அன்பாகச் சொல்லியிருந்தாள். "ஆனா இன்னொரு தடவை லேட்டானா, வேன் வச்சிருக்கிற கம்பெனிக்குக் கொடுத்துடுவேன். அவங்க சாம்பிள் எல்லாம் காட்டிட்டுப் போயிட்டாங்க."

வேன் கம்பெனியின் சாம்பிளை மெஷின் அக்கா தொட்டுப் பார்த்தாள். ஓரத் தையல் ஒற்றைத் தையல். நோயாளி ஒரு தடவை புரண்டு படுத்தால் பிரிந்துவிடும். இருந்தாலும் வேன் இருக்கிறதே. தையல் பிரிந்தால் தைத்துக்கொள்ளலாம், முழங்கால் பிரிந்தால் என்ன செய்வது? பஸ் மலையடிவாரத்திலேயே திரும்பிவிடும். ஆட்டோக்காரர்களோ அந்த மேட்டைப் பார்த்ததும் ரிவர்ஸ் எடுப்பார்கள்.

இந்த இடத்தில்தான் யானைக்கால் கதைக்குள் வருகிறது.

தடித்தடி டயர் போட்ட சைக்கிளுக்குத் தெரு வைத்த பெயர் அது. பனியில் ஓட்டலாம், பாலைவன மணலில் ஓட்டலாம் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். தெருவில் பனியும் இல்லை, பாலைவனமும் இல்லை. ஒரு வேகத்தடை மட்டும் உண்டு. அதற்காக வீட்டுக்கு ஒன்று வாங்கினார்கள். முதலில் வாங்கியவள் மெஷின் அக்காவின் நாத்தனார். பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறவள். ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்தால் அது முதலில் அவள் வீட்டுக் காலிங்பெல்லை அடித்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகும். அவள் வாங்கினாள் என்று அவளுடைய அண்ணனும் வாங்கினார். அவர் மெஷின் அக்காவின் கணவர் என்பதால் சைக்கிள் இவள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. சில நாள் சாயங்காலம் எல்லாரும் இறுக்கமான உடுப்பு மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். யானையை மிதிப்பதும் இதை மிதிப்பதும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள். மெஷின் அக்கா அதன் கைப்பிடியில் ஈர விரிப்புகளைக் காயப்போட்டாள். அதற்கு அது ரொம்பத் தோது.

"இதுல ஒரு மோட்டாரைப் பூட்டிட்டா நீ உக்காந்துகிட்டே மலையேறலாம்," என்றார் கணவர் ஒருநாள்.

"யாரு பூட்டுவா?"

"நான்தான்."

மெஷின் அக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது. கணவர் நல்ல மனிதர்தான். பெரிய கட்டடம் ஒன்றில் லிப்ட் ஓட்டுகிறார். வாழ்நாளெல்லாம் மேலேயும் கீழேயும் போய் வந்தவர். முன்னே பின்னே போகிற விஷயத்தில் அவருக்கு அனுபவம் குறைவு.

பெட்டி வந்தது. மோட்டார் பொருத்திய பின்சக்கர வளையம், பேட்டரி, கட்டுப்பாட்டுப் பெட்டி, முறுக்கும் கைப்பிடி, ஒரு கட்டு வயர். கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றைக் கூடத்தில் விரித்து, சைக்கிளைத் தலைகீழாக, சீட்டும் கைப்பிடியும் தரையில் பட நிறுத்தினார். பழைய சக்கரத்தைக் கழற்றி, டயரைக் கரண்டிக் காம்புகளால் நெம்பி எடுத்தார். இரண்டு கரண்டிகள் அத்தோடு சமையலிலிருந்து ஓய்வு பெற்றன. டயரைச் சோப்புத் தண்ணீர் தடவி மோட்டார் வளையத்தில் ஏற்றினார். அச்சு தடியாக இருந்தது. சக்கரத்தை மாட்டும் கவட்டையில் இறங்கவில்லை. அரம் வைத்து ராவி ராவி இறக்கினார். வயர்களை மெஷின் அக்காவின் பாவாடை எலாஸ்டிக்கால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். பார்க்கப்போனால் வேலை சுத்தமாகவே நடந்தது. சந்தேகப்பட்டதற்காக அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

கடைசியில் இரண்டு வெள்ளை வயர்கள் மிஞ்சின.

"இது கத்துக்கிற வயர்," என்றார் வீடியோவை நிறுத்திவிட்டு. "ரெண்டையும் சேர்த்துவச்சா சக்கரம் தானா சுத்தி, எந்தப் பக்கம் சுத்தணும்னு கத்துக்கும். தப்பான பக்கம் சுத்துச்சுன்னா பிரிச்சுட்டு இன்னொரு தடவை சேர்க்கணும். உடனே திருந்திக்கும்."

"மனுஷங்களுக்கும் இப்படி ரெண்டு வயர் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்," என்றாள் மெஷின் அக்கா, யாரையும் பார்க்காமல்.

மேற்பார்வைக்கு நாத்தனார் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை வயர்களைச் சேர்த்ததும் சக்கரம் உறுமிக்கொண்டு சுழன்றது.

"அண்ணா, நிறுத்து நிறுத்து! தப்பா சுத்துது. மேல பாரு, டயர் பின்பக்கமா ஓடுது பாரு."

கணவர் மேலே பார்த்தார். ஆமாம், சக்கரத்தின் மேல்விளிம்பு கைப்பிடியை விட்டு விலகித்தான் ஓடியது.

"வண்டி தலைகீழா இல்ல நிக்குது?" என்றாள் மெஷின் அக்கா. "அப்ப மேல இருக்கிறது கீழதானே?"

"அண்ணி, தலைகீழா நின்னா மட்டும் முன்பக்கம் பின்பக்கமாயிடுமா? கைப்பிடி இருக்கிற பக்கம்தானே முன்பக்கம்?"

மெஷின் அக்கா சக்கரத்தையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாத்தனார் கல்லூரி வாசலை மிதித்தவள். கணவர் வயர்களைப் பிரித்து மறுபடி சேர்த்தார். சக்கரம் ஒரு நொடி தயங்கியது. பிறகு, சரி, உங்கள் இஷ்டம் என்பது போல மறுபக்கம் சுழன்றது. மேல்விளிம்பு கைப்பிடியை நோக்கி அழகாக ஓடியது. மூன்று பேரும் கைதட்டினார்கள்.

சரியாக இருந்த ஒன்றைத் திருத்தித் தப்பாக்கிவிட்டுக் கைதட்டுவது பெரிய பெரிய அலுவலகங்களில்தான் நடக்கும் என்றில்லை. வீட்டிலும் செய்யலாம். கொஞ்சம் முயற்சி வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை யானைக்காலைத் தெருவில் இறக்கினார்கள். மெஷின் அக்கா ஏறி உட்கார்ந்தாள். எதிரே மலைப்பாதை தெரிந்தது. கைப்பிடியை முறுக்கினாள்.

மலை விலகிப் போனது. வீடு விலகிப் போனது. கணவரின் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. பெடல்கள் இரண்டும் தாமாகவே பின்பக்கமாகச் சுழன்று அவள் கெண்டைக்காலில் மாறி மாறி அடித்தன. "ஏங்க! ஏங்க!" என்று அவள் கூப்பிட்டாள். பதற்றத்தில் மனிதர்கள் எதைப் பிடித்திருக்கிறார்களோ அதை இன்னும் இறுக்கித்தான் பிடிப்பார்கள். அவள் பிடித்திருந்தது முறுக்கும் கைப்பிடி. யானைக்கால் இன்னும் வேகமாகப் பின்னால் போய், தெருக்கோடியில் இருந்த ஓர் அறிவிப்புப் பலகையின் மேல் மோதி நின்றது. பலகை சாய்ந்தது. அதில், 'முன்னால் பார்த்துச் செல்லவும் – மிதிவண்டி ஒழுங்குப் பிரிவு' என்று எழுதியிருந்தது.

பலகை நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் மேற்படிப் பிரிவின் ஆய்வாளர். டீ அவருடைய சட்டையில் இருந்தது.

"முன்னாடி பாத்துப் போகத் தெரியாது?" என்றார்.

"முன்னாடி பாத்துக்கிட்டுத்தான் சார் போனேன்," என்றாள் மெஷின் அக்கா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

கணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். வந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "அட, தலைகீழா வச்சுப் பாத்ததுல வந்த வினை! ஒரு நிமிஷம் சார். இந்த வெள்ளை வயரை இன்னொரு தடவை சேர்த்தா தீர்ந்துச்சு."

"கையை எடுங்க," என்றார் ஆய்வாளர்.

"ஒரு நிமிஷ வேலைதான் சார்."

"ஒரு பொதுச் சொத்து சேதமாகியிருக்கு. சேதப்படுத்திய ஊர்தி எந்த நிலையில் சேதப்படுத்தியதோ அதே நிலையில் சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். ஒரு வயரைத் தொட்டீங்கன்னா அது சாட்சியத்தைக் கலைச்ச குற்றம்." இப்படிச் சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல், வெள்ளை வயர்களையும் சேர்த்து மூடி, முத்திரைத் தாளை நான்கு பக்கமும் ஒட்டினார். நாக்கால் நனைத்துத்தான் ஒட்டினார். ஆனாலும் அது பிரிக்க முடியாத முத்திரை. "நாளைக்குக் காலைல வண்டியோட ஆபீசுக்கு வந்துடுங்க."

"நாளைக்குத் திங்கக்கிழமை சார். மதியத்துக்குள்ள நான் மலைமேல இருக்கணும்."

"சட்டத்துக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதாம்மா. ஞாயித்துக்கிழமையைத் தவிர."

மறுநாள் விரிப்பு மூட்டையையும் எடுத்துக்கொண்டே ஆபீசுக்குப் போனாள். முற்றத்தில் பழைய சைக்கிள்கள் துருப்பிடித்துக் குவிந்திருந்தன. சோதனையில் தேறாதவையாம். ஆய்வாளர் வந்து நாற்காலியில் அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு விதியை வாசித்தார்.

"மின்விசை பூட்டிய மிதிவண்டி ஓடுங்கால், அதன் மிதிகளும் உடன் சுழலுதல் வேண்டும். சுழன்றால் அது மிதிவண்டி. சுழலாவிடில் அது மோட்டார் வாகனம். புரியுதா?"

"புரியுது சார்."

"ஏறுங்க. ரெண்டு காலையும் தூக்கி இந்தக் கட்டைல வைங்க. கால் பெடல்ல படக்கூடாது."

மெஷின் அக்கா ஏறினாள். கால்களைச் சோதனைக்காக முன்சட்டத்தில் கட்டியிருந்த கட்டையில் வைத்தாள். மெதுவாக முறுக்கினாள். யானைக்கால் பின்னோக்கி நகர்ந்தது. சைக்கிள் பின்னால் போனால் பெடலும் கூடவே சுற்றும். சின்னப் பிள்ளைகூடத் தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் அது. ஆய்வாளர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சுத்துது," என்றார். மூன்றாவது தடவையும் குனிந்து பார்த்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல கால் படாம பெடல் சுத்தின ஒரே வண்டி இதுதான். பாஸ்."

"சார், ஆனா இது பின்னாடி போகுதே."

"போகட்டும்."

"முன்னாடி போகணுமே சார்."

"எங்க எழுதியிருக்கு?"

கணவர் புகுந்தார். "அந்த வெள்ளை வயரைச் சேர்த்துட்டா முன்னாடி போகும் சார்."

"முன்னாடி போனா பெடல் சுத்துமா?"

"அதெப்படி சார் சுத்தும்? காலால மிதிச்சாத்தான் சுத்தும்."

"அப்ப அது மோட்டார் வாகனம். லைசென்ஸ் வேணும், நம்பர் வேணும், புகைச் சான்று வேணும்."

"இதுல புகையே வராதே சார்!"

"வராதுன்னுதான் சான்று வாங்கணும். வந்தா எதுக்குச் சான்று? கண்ணுக்கே தெரியுமே."

மெஷின் அக்கா வெயிலைப் பார்த்தாள். நிழல் கால்மாட்டுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது. "சார், ஒண்ணு பண்றேன். முன்னாடி போகும்போது நானே லேசா மிதிச்சுக்கிட்டுப் போறேன். பெடலும் சுத்தும், சட்டமும் சுத்தும்."

"அது செல்லாது. சோதனைல மனிதத் தலையீடு கூடாது."

"சைக்கிள்ல மனுஷன் தலையிடாம வேற யாரு சார் தலையிடுவா?"

ஆய்வாளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

"அதான். படிச்சிருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது."

"சரி சார், மேல யார்கிட்டயாவது முறையிடலாமா?"

"தாராளமா. அது உங்க உரிமை. அடுத்த வாரம் வாங்க."

அவர் அனுமதி வில்லையை எடுத்து சைக்கிளின் முன்பக்கத்தில் ஒட்டினார். 'பின்னோக்கி மட்டும்' என்று அதில் கையால் எழுதியிருந்தார். முன்பக்கம் இனிமேல் பின்பக்கம் என்பதால் சிவப்பு விளக்கை முன்னால் மாற்றச் சொன்னார். முத்திரைத் தாள் அப்படியே இருக்க வேண்டும், கிழிந்தால் வண்டி பறிமுதல் என்றும் சொன்னார். பாதை எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, கண்ணாடி வைத்துக்கொள்வதற்கு விதியில் தடை எதுவும் இல்லை என்று பெருந்தன்மையோடு தெரிவித்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் மடியில் விழுந்த பிறகு ஓணானோடு குடித்தனம் நடத்தித்தானே ஆக வேண்டும்? மெஷின் அக்கா வண்டியோடு வீட்டுக்கு விரைந்தாள். அளவு போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காகத் தையல் அறையில் மாட்டியிருந்த நீளக் கண்ணாடியைக் கழற்றி, கைப்பிடியில் நிற்கவைத்து எலாஸ்டிக்கால் கட்டினாள். முன்தட்டில் மூட்டையை ஏற்றினாள். மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பாத்துப் போம்மா," என்றார் கணவர்.

"எங்கன்னு பாக்கச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு முறுக்கினாள்.

மலையேறும்போது எல்லாருக்கும் தெரிவது மலை. அவளுக்குத் தெரிந்தது ஊர். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் போனது. கண்ணாடிக்குள் வலது இடதாகவும் இடது வலதாகவும் ஒரு பாதை நெளிந்தது. முதல் திருப்பத்தில் சாக்கடைக்குள் போகப் பார்த்தாள். இரண்டாவதில் சாக்கடை அவளைப் பார்த்தது. மூன்றாவது திருப்பத்துக்குள் கைக்குப் பழகிவிட்டது. உறையின் மூலையை உள்பக்கமாகத் தைத்துவிட்டு வெளியே திருப்புகிறவளுக்கு, எதையும் மறுபக்கமாக நினைத்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தடி டயர் வழுக்காமல் ஏறியது. முழங்கால் இரண்டும் கட்டையின் மேல் ராணி மாதிரி இருந்தன.

"எப்படி வந்தீங்க?" என்றாள் ஸ்டோர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"பின்னாடி வந்தேன்மா."

"நேரத்துக்கு வந்தீங்கல்ல, அது போதும். மத்தது உங்க சொந்த விஷயம்."

இதோடு முடிந்திருந்தால் இது கதையே இல்லை. நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, நீங்க பண்றதுக்கு ஒரு பேரே இருக்கு. பின்னோட்டம். வெளிநாட்டுல எல்லாரும் இதைத்தான் பண்றாங்களாம். முதுகெலும்புக்கு அவ்வளவு நல்லதாம்."

"யாரு சொன்னா?"

"சொல்றாங்க."

யார் சொன்னார்கள் என்று தெரியாத விஷயம்தான் ஊரில் சீக்கிரம் பரவும். ஓரங்கட்டிக் கிடந்த யானைக்கால்கள் எல்லாம் தூசு தட்டி வெளியே வந்தன. எல்லாருக்கும் மோட்டார் வேண்டும். அதைத் தப்பாகப் பூட்டவும் வேண்டும். சரியாகப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் ஈ ஓட்டினார்கள். தப்பாகப் பூட்டுவதில் ஊரிலேயே கைதேர்ந்தவர் என்று மெஷின் அக்காவின் கணவருக்குப் பேர் வந்தது. லிப்ட் வேலை முடிந்து வந்ததும் கூடத்தில் வரிசையாகச் சைக்கிள்கள் தலைகீழாக நிற்கும். "முதல்ல சரியா சுத்தும். பயப்படாதீங்க, திருத்திடலாம்," என்று நிதானமாகச் சொல்வார். ஒவ்வொரு வண்டிக்கும் ஆய்வாளர் வந்து நாக்கால் நனைத்து முத்திரை ஒட்டுவார். அந்த வருஷம் அவருக்கு நாக்கு அடிக்கடி வறண்டது.

கழுத்தை வளைக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் தொடங்கின. கண்ணாடிக் கடைக்காரர் மாடி கட்டினார். பூங்காவில் வாக்கிங் போகிறவர்கள் பின்னோக்கி நடந்தார்கள். எதிரெதிரே வந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு, "எப்ப வந்தீங்க?" என்று விசாரித்துக்கொண்டார்கள். முன்னோக்கி நடந்த ஒரு பெரியவரைப் பார்த்து நாத்தனார், "பாவம், அந்தக் காலத்து மனுஷர்," என்றாள்.

மிதிவண்டி ஒழுங்குப் பிரிவு சும்மா இருக்குமா? தன்னுடைய தொலைநோக்குத் திட்டத்துக்குப் பொதுமக்கள் அளித்துவரும் பேராதரவைப் பாராட்டி அறிக்கை விட்டது. சாய்ந்த பலகையை நிமிர்த்தி, 'பின்னால் பார்த்துச் செல்லவும்' என்று புதிதாக எழுதினார்கள். சாலை அம்புக்குறிகளுக்கு எல்லாம் மறுபக்கம் தலை வரைந்தார்கள். பழைய தலையை அழிக்க உத்தரவு வரவில்லை என்பதால் ஒவ்வோர் அம்புக்கும் இரண்டு தலை இருந்தது. கடைசியில் மலைப்பாதை முழுவதும் 'பின்னோக்குப் பாதை' என்று அறிவிக்கப்பட்டது. அதில் எந்த வாகனமாக இருந்தாலும் பின்னோக்கித்தான் ஏற வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கு இதில் சிரமம் இல்லை. கதவு பின்னால்தானே இருக்கிறது, நோயாளி முதலில் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று விளக்கினார்கள். வேன் கம்பெனிக்காரர்கள் மட்டும் ஒரு தடவை முயன்று பார்த்தார்கள். இரண்டாவது திருப்பத்தில் வேன் சாக்கடையைப் பார்த்துவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பாதை எப்போது திரும்பும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

மெஷின் அக்காவுக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. யாருக்கும் அவள் கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் தானாக வருகிற நல்லதைக் கதவைச் சாத்தித் துரத்தவும் முடியாதே.

ஜனங்கள் விழ ஆரம்பித்தார்கள். காரணம் ரொம்பச் சின்னது. கண்ணாடி என்றால் முகம் பார்க்க என்றே எல்லாரும் பழகியிருந்தார்கள். வண்டியில் ஏறியதும் பாதை தெரிகிற மாதிரி கண்ணாடியைச் சரிசெய்வார்கள். போகப் போக அது தானாகவே முகத்துக்குத் திரும்பிவிடும். தலைமுடி கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போய்க் கம்பத்தில் இடித்தார்கள், கடைக்குள் புகுந்தார்கள், ஒருவர் நேராகக் கழுத்து வகுப்புக்குள்ளேயே போய் விழுந்தார். நாத்தனார் தன் வீட்டு வாசலிலேயே விழுந்து கணுக்காலை ஒடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா விழுந்தே?" என்றாள் மெஷின் அக்கா.

"அழகாத்தான் விழுந்தேன் அண்ணி. நானே கண்ணாடில பாத்தேன்."

ஆஸ்பத்திரி நிரம்பியது. தாழ்வாரத்திலும் கட்டில் போட்டார்கள். ஸ்டோர் அம்மாள் அவசரமாகக் கூப்பிட்டாள். "இன்னும் விரிப்பு வேணும்மா. தலையணை உறையும் வேணும். எவ்வளவு தைக்க முடியுமோ அவ்வளவும் கொண்டாங்க. மேடேறி வர ஊர்லயே உங்களை விட்டா வேற ஆள் இல்லை." மெஷின் அக்கா இரண்டாவது மெஷின் வாங்கினாள். கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு நாத்தனார் உறைகளுக்குப் பொத்தான் தைத்தாள். ராத்திரி படுக்கும்போது மட்டும் மெஷின் அக்காவுக்கு எலும்பு முறிகிற சத்தம் மாதிரி ஏதோ காதில் கேட்கும். மெஷின் ஓடிய சத்தம்தான், காதிலேயே தங்கிவிட்டது என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை விரிப்புகளை ஒப்படைத்துவிட்டுத் தாழ்வாரம் வழியாக வந்தவளை ஒரு குரல் நிறுத்தியது.

"அம்மா... கொஞ்சம் இப்படி, என் கண்ணுக்கு நேரா வாங்க. கழுத்து திரும்பாது."

ஆய்வாளர். கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பட்டை. அவர் படுத்திருந்தது அவள் தைத்த விரிப்பில். ஓரத்தில் இரட்டைத் தையல். தொட்டுப் பார்த்தாள், பிரியவில்லை. அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

"என்ன சார் ஆச்சு?"

"மாதிரி ஓட்டம் ஓட்டிக் காட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஓட்டினேன்." கூரையைப் பார்த்தபடியே பேசினார். அதைத்தான் பார்க்க முடிந்தது. "அம்மா, ஒரு உதவி. மேலிடத்துல இப்ப யோசிக்கிறாங்க. இந்த வண்டியை முன்னாடி ஓட்டறதுக்கு ஒரு எளிய வழி இருக்கு, அது ஆபத்தும் இல்லைன்னு அனுபவப்பட்ட ஒருத்தர் சொன்னா போதுமாம். விதியையே மாத்திடலாம்கிறாங்க. உங்களைவிட அனுபவப்பட்டவங்க யாரு இருக்கா? அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் ஏதோ வயர்னு சொன்னாரே. வெள்ளையோ, பச்சையோ. எனக்கு ஞாபகம் இல்லை. நான் அப்ப காதுல வாங்கலை."

மெஷின் அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் கட்டில்கள். எல்லாவற்றிலும் அவள் விரிப்பு, வெள்ளை வெளேரென்று, ஒரு சுருக்கமில்லாமல். எதிர்க் கட்டிலில் ஒருத்தி வலியில் முனகினாள். ஜன்னல் வழியாக அடிவாரம் தெரிந்தது. அங்கே ஒரு வேன் மலைப்பாதையைப் பார்த்தபடி பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். முத்திரைத் தாளுக்கு அடியில் இரண்டு வெள்ளை வயர்கள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன. ஒரு நிமிஷ வேலை.

எதிர்க் கட்டில்காரி இன்னொரு தடவை முனகினாள். மெஷின் அக்கா வாயை மூடிக்கொண்டாள். பிறகு, அந்தத் தாழ்வாரத்தில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு நிதானமான குரலில் பேசினாள்.

"சம்பந்தப்பட்ட விஷயத்தை அப்படி வாய்வார்த்தையா சொல்லிட முடியாது சார். முன்னாடி போகலாம்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

ஆய்வாளர் கண்ணை விரித்தார். "இல்லைம்மா, அதை எழுதறதுக்குத்தான் உங்ககிட்ட..."

"நான் அஞ்சாவதோட நின்னவ. படிச்சவங்க செஞ்ச ஏற்பாட்டுல நான் தலையிடக் கூடாது. மனிதத் தலையீடு கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" மூட்டை கட்டிய துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "எதுக்கும் எழுத்து மூலமா வரட்டும். பாக்கலாம். நீங்க அடுத்த வாரம் வாங்க."

"நான் எங்கம்மா வர்றது? இங்கயேதானே படுத்துக் கிடக்கேன்."

"அப்ப இன்னும் சௌகரியம். விரிப்பைக் கசக்காமப் படுங்க."

ஆய்வாளருக்குக் கோபம் வரவில்லை. தன்னுடைய வேலையின் சூட்சுமத்தை இவ்வளவு சுத்தமாகப் புரிந்துகொண்ட ஒரு பொதுஜனத்தை அவர் இத்தனை வருஷ சர்வீஸில் பார்த்ததே இல்லை. பாராட்டித் தலையாட்ட வேண்டும் என்று நினைத்தார். கழுத்து விடவில்லை.